பேசுவதே ஆபத்து என்று பழகிய ஊரில் உளச்சிகிச்சை: கதவைத் தட்டும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

கப்பல்துறையிலிருந்து கண்டி வீதியால் பேருந்தேறி திருகோணமலை நகருக்கு வர அதிக நேரம் எடுக்காது. ஆனால் அந்தப் பயணத்தின் முடிவில் இருப்பது ஓர் உளவளத்துணையாளரின் வாசல் என்றால், அங்கே போய்ச் சேரப் பலருக்குப் பதினைந்து, இருபது வருடங்கள் ஆகின்றன. சிலர் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். உள்ளே என்ன நடக்கும், என்ன கேட்பார்கள், சொன்னது யாருக்குப் போகும் என்ற கேள்விகளுக்கு யாரும் அவர்களுக்குப் பதில் சொன்னதில்லை.

இந்தக் கேள்விகள் இப்போது மீண்டும் எழுவதற்குக் காரணம் இருக்கிறது. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் எலும்புக்கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. சிறு பிள்ளையின் எச்சங்களோடு புத்தகப்பையும் வெளிவந்தது. அந்தப் படங்கள் எல்லாக் கைபேசிகளுக்கும் வந்து சேர்ந்தன. அதே ஆண்டு ஜூலையில் எமது மாவட்டத்தின் சம்பூரில் கண்ணிவெடி அகற்றும் பணியின்போது மனித எச்சங்கள் தென்பட்டன. நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வெள்ளம் வந்தபோது, மூதூர்ப் பக்கத்து மக்கள் மறுபடியும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினார்கள். 2006இல் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதைத் தொடர்ந்து வந்த இடப்பெயர்வை அனுபவித்தவருக்கு, அது வெறும் வெள்ளம் அல்ல. உடல் பழையதை நினைவு வைத்திருக்கிறது. நெஞ்சு அடைக்கிறது, நித்திரை வருவதில்லை, கை கால் எரிகிறது, தலைக்குள் விறைக்கிறது என்று எம்மவர் சொல்வதில் பாதி அந்த நினைவின் மொழிதான்.

கப்பல்துறையில் அரச ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. நகரில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. உடல் வலிக்கு எங்கே போவது என்று எல்லோருக்கும் தெரியும். மனவலிக்கு எங்கே போவது என்பதுதான் தெரியாமல் இருக்கிறது. அண்மைக் காலமாகத் தனியார் உளவளத்துணையாளர்களும் இணையவழிச் சிகிச்சையும் அந்த இடைவெளிக்குள் வந்திருக்கின்றன. இது நல்லதா, கெட்டதா என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது.

வாயை மூடியிருப்பதே பாதுகாப்பு என்று கற்பித்தது யார்?

உளச்சிகிச்சையின் கருவி பேச்சு. திருகோணமலையில் பேச்சுக்கு என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டு இந்தப் பொருளைப் பேச முடியாது.

2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் குண்டுவெடித்து இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. உடல்களில் இருந்த துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைப் படமெடுத்து வெளிப்படுத்திய ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி நகருக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சாட்சி சொல்ல இருந்தவர்கள் அச்சுறுத்தப்பட்டார்கள், சிலர் நாட்டைவிட்டுப் போனார்கள். 2019 ஜூலையில், போதிய சாட்சியங்கள் இல்லை என்று சந்தேகநபர்களான 13 விசேட அதிரடிப் படையினரையும் நீதிமன்றம் விடுவித்தது. 2006 ஓகஸ்ட் 4ஆம் திகதி மூதூரில் கொல்லப்பட்ட அக்சன் பாம் பணியாளர்கள் 17 பேருக்கும் இன்றுவரை நீதி கிடைக்கவில்லை. 2015 நவம்பரில் வந்த ஐக்கிய நாடுகளின் காணாமற்போனோர் தொடர்பான செயற்குழு, திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் இருந்த இரகசியத் தடுப்பிடத்தைப் பார்வையிட்டது.

இந்த வரலாற்றிலிருந்து ஒரு சமூகம் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: கண்டதைச் சொல்லாதே, கேட்டதைத் திருப்பிச் சொல்லாதே, அந்நியரிடம் பெயரைக்கூடச் சொல்லாதே. இந்த மௌனத்தை நோய் என்று சொல்வது தவறு. அது உயிர் தப்பவைத்த அறிவு. உளவளத்துணையாளரின் முன்னால் ஒருவர் முதல் நாள் வாயே திறக்காமல் இருந்தால், அவர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவைக்கும் துணையாளருக்கு இந்த மாவட்டத்தைத் தெரியாது என்றே பொருள்.

போர் முடிந்த பின்னரும் நிலைமை உடனே மாறவில்லை. வடக்கில் ஜனாதிபதி செயலணியின் அனுமதி இல்லாமல் உளசமூகப் பணிகளைச் செய்ய முடியாத காலம் ஒன்று இருந்தது. மக்கள் அழவும் பேசவும் கூடிய இடத்தையே அரசு சந்தேகத்தோடு பார்த்தது.

எல்லோருக்கும் சிகிச்சை தேவையா?

இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2009இல் யாழ். மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வில், மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீட்டின் அறிகுறிகள் 7 வீதமானோரிடமும், பதகளிப்பு 32.6 வீதமானோரிடமும், மனச்சோர்வு 22.2 வீதமானோரிடமும் காணப்பட்டன. அப்போது இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடம் இவை மூன்றும் கூடுதலாக, முறையே 13, 48.5, 41.8 வீதமாக இருந்தன.

இந்த எண்களிலிருந்து இரண்டு விடயங்கள் தெரிகின்றன. ஒன்று, போரைக் கண்ட எல்லோரும் நோயாளிகள் அல்ல. குடும்பம், அயல், கோயில், தொழில் ஆகியவற்றின் துணையோடு பெரும்பாலானோர் தம்மைத் தாமே தாங்கிக்கொண்டார்கள். இரண்டு, இடப்பெயர்வும் வீடின்மையும் நீடிக்கும் இடத்தில் துன்பமும் கூடுகிறது. மனம் மட்டும் தனியாகக் காயப்படுவதில்லை. ஈழத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதிவருவதும் இதையே: வடுப்பட்டிருப்பது தனிமனிதர் மட்டுமல்ல, முழுச் சமூகமும்தான்.

அப்படியானால் யார் போக வேண்டும்? நித்திரையின்மை, திடுக்கிட்டு விழித்தல், ஓயாத யோசனை, கோபம், குடி, தொழிலுக்குப் போக முடியாமை, பிள்ளைகளோடு ஒட்ட முடியாமை போன்றவை வாரக்கணக்கில் நீடித்து அன்றாட வாழ்வைத் தடுத்தால் ஒருமுறையாவது போய்ப் பேசுவது நல்லது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்கக் கூடாது. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், அல்லது நேரே வைத்தியசாலைக்குப் போகலாம். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998இலிருந்து குற்றம் அல்ல. பொலிஸுக்குப் பயந்து அந்த எண்ணத்தை மறைக்க வேண்டியதில்லை.

தனியாரிடம் போகும் முன்

தனியாரிடம் பணம் கட்டுவதற்கு முன், கட்டணமில்லாத வழிகள் இருக்கின்றன என்பதை அறிந்திருக்க வேண்டும். மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. அங்கே உளமருத்துவ நிபுணரையும் மருந்தையும் இலவசமாகப் பெறலாம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் கடமையாற்றுகிறார்கள். வீட்டு வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு வைத்தியசாலைகளில் நட்பு நிலையங்கள் உள்ளன.

பின்னர் ஏன் மக்கள் தனியாரை நாடுகிறார்கள்? வைத்தியசாலை உளநலப் பிரிவின் வாசலில் யாராவது கண்டுவிடுவார்கள் என்ற கூச்சம், ஒரு நோயாளியோடு சில நிமிடங்களே செலவிட முடிகின்ற நெரிசல், பிரதேச செயலகம் என்றாலே அரச அலுவலகம் என்ற தயக்கம் ஆகியவையே காரணம். வெளிநாட்டிலிருக்கும் அண்ணனோ அக்காவோ பணம் அனுப்பி, இணையவழியில் ஒருவரை ஒழுங்கு செய்து கொடுப்பதும் இப்போது நடக்கிறது.

இங்கே கவனமாக இருக்க வேண்டும். இலங்கையில் வைத்தியர்களும் மருத்துவ உளவியலாளர்களும் இலங்கை மருத்துவப் பேரவையில் பதிவு பெற வேண்டும். ஆனால் உளவளத்துணையாளர் என்று பெயர்ப்பலகை போடுவதற்கு அப்படியான கட்டாய உரிமம் இல்லை. ஆறு வருடம் படித்தவரும் ஆறு நாள் பயிற்சி எடுத்தவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்தலாம். இது எமக்கு மட்டும் உரிய குறை அல்ல. பிரித்தானியாவிலும் மருத்துவ உளவியலாளர் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, உளவளத்துணையாளர் என்ற பெயருக்கு இல்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உளச்சிகிச்சையாளர்களுக்குச் சட்டரீதியான பதிவுப் பேரவை இருக்கிறது. தமிழகத்தில் மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வுப் பேரவையில் பதிவு செய்திருக்க வேண்டும். எந்த நாட்டில் இருந்து பேசுகிறவராக இருந்தாலும், அவர் அந்த நாட்டில் எங்கே பதிவு பெற்றிருக்கிறார் என்று கேட்பது உங்கள் உரிமை.

கேட்க வேண்டியவை சில உண்டு. என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள்? உங்களை மேற்பார்வை செய்யும் மூத்தவர் யாராவது இருக்கிறாரா? போரால் பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? ஒரு சந்திப்புக்கு எவ்வளவு, வராவிட்டால் கட்ட வேண்டுமா, ஏறக்குறைய எத்தனை தடவை வர வேண்டியிருக்கும்? நல்ல துணையாளர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். "என்னை நம்புங்கோ, எல்லாம் சரியாகும்" என்று மட்டும் சொல்கிறவரிடம் பணத்தைக் கொடுக்கும் முன் யோசியுங்கள். மூன்றே நாளில் குணமாக்குவேன் என்கிறவரிடமும், வைத்தியர் தந்த மாத்திரையை உடனே நிறுத்து என்கிறவரிடமும் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். மருந்தை நிறுத்துவதா, குறைப்பதா என்பது அதை எழுதிக் கொடுத்த வைத்தியரின் முடிவு.

முதல் சந்திப்பு

கப்பல்துறையிலிருந்து ஒரு தாய் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் காணாமல் ஆக்கப்பட்டவர். அவருக்கு மூன்று வருடமாக ஒழுங்கான நித்திரை இல்லை. அங்கே என்ன நடக்கும்?

அது ஒரு சாதாரண அறை, இரண்டு கதிரைகள். சந்திப்பு ஏறக்குறைய 50 நிமிடம். முதல் நாள் பெரும்பாலும் அறிமுகமும் கேள்விகளுமாகவே போகும். நித்திரை, சாப்பாடு, உடல் நோய்கள், எடுக்கும் மருந்துகள், வீட்டில் யார் யார், எது மிகவும் கஷ்டம், சாக வேண்டும் போல் இருக்கிறதா என்று கேட்பார்கள். கடைசிக் கேள்வி பலரைத் திடுக்கிட வைக்கும். அது எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வி, அவமதிப்பு அல்ல.

நடந்தது எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டித் தீர்க்க வேண்டும் என்பதில்லை. அப்படி வற்புறுத்துவதும் கூடாது. சுனாமிக்குப் பின் எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் மக்களை வரிசையில் இருத்தி ஒரே நாளில் கதை சொல்லவைத்த அனுபவம் கிழக்குக்கு உண்டு. அனர்த்தம் நடந்த கையோடு ஒருமுறை மட்டும் இருத்தி விவரிக்கச் செய்யும் அந்த முறையை உலக சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைப்பதில்லை. மனவடுச் சிகிச்சையில் பொதுவாக மூன்று படிகள் சொல்லப்படும்: முதலில் பாதுகாப்பும் உடலின் அமைதியும், அடுத்து நினைவைத் தொடுதல், பின்னர் வாழ்வோடு மீண்டும் இணைதல். முதற்படி முடியாமல் இரண்டாம் படியில் கால் வைத்தால் நிலைமை மோசமாகலாம்.

அந்தத் தாய் அழலாம், அழாமலும் இருக்கலாம். சைவக்கோயிலுக்குப் போவதை, மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றுவதை, தொழுவதை மூடநம்பிக்கை என்று துணையாளர் சொன்னால் அவர் பொருத்தமானவர் அல்ல. நேர்த்தியும் விரதமும் அவரை இதுவரை தாங்கி வந்த தூண்கள். சிகிச்சை அவற்றோடு சேர்ந்து நிற்க வேண்டும். மொழியும் அப்படித்தான். தாய்மொழியில் அழ முடியாத இடத்தில் மனம் திறக்காது. மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் அவர் உறவினராகவோ அதே ஊர்க்காரராகவோ இல்லாமல் இருப்பது நல்லது.

முதல் சந்திப்பு முடிந்த அன்றிரவு சிலருக்கு மனம் இலேசாகும், சிலருக்குக் கனவுகள் கூடும். இரண்டும் வழமை. அடுத்த தடவை அதைச் சொல்லுங்கள். மூன்று, நான்கு தடவை போன பின்னும் இவர் எனக்குச் சரிவரவில்லை என்று தோன்றினால் மாற்றிக்கொள்ளலாம். அது நன்றிகெட்ட செயல் அல்ல.

சொன்னது எங்கே போகும்?

இதுவே இந்த மாவட்டத்தில் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. இதற்கு மழுப்பாத பதில் தேவை.

துணையாளர் நீங்கள் சொன்னதை இரகசியமாக வைத்திருக்கத் தொழில்நெறிப்படி கடமைப்பட்டவர். உங்கள் கணவரோ மனைவியோ பெற்றோரோ வந்து கேட்டாலும் சொல்லக்கூடாது. அதற்கு விதிவிலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருந்தாலும், ஒரு பிள்ளை துன்புறுத்தப்பட்டாலும் அவர் பிறரிடம் சொல்ல நேரலாம். இவற்றை முதல் நாளே அவர் உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சட்டத்தரணியிடம் சொல்வதற்கு இலங்கையின் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு, உளவளத்துணையாளரிடம் சொல்வதற்கு இல்லை. நீதிமன்றம் கட்டளையிட்டால் அவர் பேச வேண்டி வரலாம். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழான குற்றங்கள் பற்றி அறிந்தும் அறிவிக்காமல் இருப்பதையே குற்றமாக்கியது. அப்படியான சட்டத்தின் நிழலில் வாழ்ந்தவர்கள், குறிப்பாக முன்னாள் போராளிகளும் அவர்களின் குடும்பங்களும், தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இதனால் சிகிச்சையே வேண்டாம் என்று விடத் தேவையில்லை. சிகிச்சைக்குத் தேவை உங்கள் பயமும் குற்றவுணர்வும் இழப்பும்தான். ஆட்களின் பெயரும், இடமும், திகதியும், இயக்கத்தில் இருந்த பதவியும் அதற்குத் தேவையில்லை. "ஒருவர்", "ஓர் இடம்" என்று சொல்லியே ஆற முடியும். என்ன எழுதிவைக்கிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள், வேறு யார் பார்ப்பார்கள், வேறு பெயரில் பதியலாமா என்று கேளுங்கள். இணையவழி என்றால் ஒலிப்பதிவு செய்வதில்லை என்ற உறுதியைப் பெறுங்கள். வீட்டில் மற்றவர் காதில் விழாத இடம் ஒன்றையும் தேடிக்கொள்ளுங்கள். வழக்கு நடந்துகொண்டிருப்பவர்கள் முதலில் தம் சட்டத்தரணியோடு ஒரு வார்த்தை பேசிக்கொள்வது நல்லது.

சிகிச்சை எதைத் தரும், எதைத் தராது?

நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. சுனாமிக்குப் பின் வடகிழக்கில், போரையும் சுனாமியையும் கண்ட 31 பிள்ளைகளோடு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு ஆறு சந்திப்புகளில் தம் வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொல்லும் சிகிச்சை, மற்றவர்களுக்கு ஆறு சந்திப்புகளில் தியானமும் தளர்வுப் பயிற்சியும் கொடுக்கப்பட்டன. ஆறு மாதத்தின் பின் முதற் பகுதியில் 81 வீதமானோரும் மற்றப் பகுதியில் 71 வீதமானோரும் மீண்டிருந்தார்கள். ஆய்வு சிறியதுதான். ஆனாலும் குறுகிய காலத்தில், எங்கள் மண்ணிலேயே, எங்களுக்குப் பழக்கமான மூச்சுப் பயிற்சியைக் கொண்டும் மாற்றம் வரலாம் என்பதை அது காட்டியது.

ஆனால் அந்தத் தாய்க்கு வருவோம். திருகோணமலைத் தமிழர் இறந்தவர்களுக்குக் கன்னியா வெந்நீரூற்றில் அந்தியேட்டிக் கிரியை செய்வது வழக்கம். மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத தாய் எப்படிக் கன்னியாவுக்குப் போவார்? போனால் மகனைத் தானே கொன்றது போல் ஆகும். போகாவிட்டால் துக்கத்துக்கு முடிவில்லை. அமெரிக்க உளவியலாளர் போலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். இதில் நோயாக இருப்பது தாயின் மனம் அல்ல, அவருக்கு மறுக்கப்பட்ட பதில். காணாமற்போனோர் அலுவலகச் சட்டம் 2016இல் வந்தது. உறவினர்களின் தொடர் போராட்டம் 2017இல் தொடங்கியது. பதில் வரவில்லை. பதிலுக்காகக் காத்திருந்த பெற்றோர் பலர் இறந்துவிட்டார்கள்.

எந்தத் துணையாளராலும் அந்தப் பதிலைத் தர முடியாது. "ஏற்றுக்கொள்ளுங்கள், மறந்துவிடுங்கள்" என்று சொல்ல அவருக்கு உரிமையும் இல்லை. மகன் வருவான் என்ற நம்பிக்கையையும், வராமல் போகலாம் என்ற பயத்தையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு இன்றைய நாளை வாழ அவர் உதவலாம். நித்திரை கொள்ளவும், பேரப்பிள்ளையோடு சிரிக்கவும், சிரித்ததற்காகக் குற்றவுணர்வு கொள்ளாமல் இருக்கவும் உதவலாம். அது சிறிய காரியம் அல்ல.

நீதி கேட்கிறவர்களுக்கு ஆலோசனை வழங்கி அனுப்பிவைக்கும் அரசியலை நாம் ஏற்க முடியாது. உண்மையைத் தோண்டி எடுக்க வேண்டிய கடமையை உளவளத்துணையின் தலையில் கட்டிவிடவும் முடியாது. உரிமம், மேற்பார்வை, தமிழில் போதிய உளவியலாளர்கள், இரகசியத்துக்குச் சட்டப் பாதுகாப்பு என்பவற்றை அரசிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அதே நேரம், நீதி வரும்வரை நித்திரை கொள்ளமாட்டேன் என்று தம்மைத் தாமே தண்டித்துக்கொள்ளும் தாய்மாரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும்: நீங்கள் ஆறுவதால் வழக்கு ஆறிப்போகாது. உடல் தேறிய சாட்சியால்தான் நீண்டகாலம் நின்று பேச முடியும்.

கப்பல்துறைச் சந்தியில் பேருந்துக்கு நிற்கும் யாராவது இதை வாசித்தால், முதல் நாள் சொல்ல ஒரு வசனம் போதும்: "எனக்கு நித்திரை வருகுதில்லை, ஏனென்று இப்ப சொல்ல ஏலாது." நல்ல துணையாளர் அதிலிருந்து தொடங்குவார்.